பூமிக்கு மிகக் கிட்டிய கோள் எது: வெள்ளியா, செவ்வாயா, புதனா?

14.01.2025, மாலை 5.20 (ஒட்டுசுட்டானிலிருந்து வந்த கேள்வி)

மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறேன். பூமிக்கு மிகக் கிட்டிய கோள் வெள்ளி என்று ரியூசனில் சொன்னார்கள். யூரியூப்பில் ஒருவர் புதன் என்று அடித்துச் சொல்கிறார். அப்பா செவ்வாய் என்கிறார். வகுப்பில் தொங்கும் படத்தில் எல்லாக் கோள்களும் ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன, அதைப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. எதை எழுதுவது?

14.01.2025, இரவு 7.40

தங்கச்சி, பரீட்சையில் வெள்ளி என்று எழுதுங்கள். ஆனால் மூன்று பதிலிலும் உண்மை இருக்கிறது. கேள்வியில்தான் ஒரு துண்டு குறைகிறது: எப்போது?

இன்றைக்கே பார்க்கலாம். முகில் விலகினால் முற்றத்துக்கு வாருங்கள். மேற்கே பளீரென்று நிற்பது வெள்ளி. கிழக்கே, பூரணை கழிந்த நிலவுக்குச் சற்று மேலே செம்மஞ்சளாக நிற்பது செவ்வாய். இன்று இந்த இரண்டும் எங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன, ஒன்பதரைக் கோடி கிலோமீற்றரை ஒட்டி. போன கிழமை செவ்வாய்தான் மிகக் கிட்டிய கோள். அடுத்த கிழமை வெள்ளி. ஆகவே அப்பாவும் பிழையாகச் சொல்லவில்லை.

14.01.2025, இரவு 10.50

“ஒரே தூரம் என்றால் வெள்ளி மட்டும் ஏன் இந்தப் பிரகாசம்?” என்று மாங்குளத்து அண்ணை கேட்டிருக்கிறார்.

முதலில் பருமன். வெள்ளியின் விட்டம் 12,104 கி.மீ, செவ்வாய்க்கு 6,779 கி.மீ. அடுத்தது தோல். வெள்ளியை மூடியிருக்கும் முகில் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடும், செவ்வாயின் துருப்பிடித்த மண் காற்பங்கைக்கூடச் சரியாக அனுப்பாது. மூன்றாவது, சூரியனிலிருந்து வெள்ளி 10.8 கோடி கி.மீ, செவ்வாய் இப்போது 24 கோடிக்கும் மேல். அதனால் வெள்ளியின் ஒரு சதுர மீற்றரில் விழும் வெயில், செவ்வாயில் விழுவதைப் போல ஐந்து மடங்கு. இந்த நாட்களில் வெள்ளியின் ஒளிப்பக்கத்தில் பாதிதான் எங்களுக்குத் தெரிகிறது. அப்படியிருந்தும் இந்த வெளிச்சம்.

பிரகாசத்தை மட்டும் வைத்து எது கிட்ட என்று தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் ஒரே கோளை மாதக்கணக்கில் பார்த்தால் அதன் பிரகாசம் தூரத்தைச் சொல்லும். செவ்வாய்க்கு இது நன்றாகப் பொருந்தும். வெள்ளி கொஞ்சம் சிக்கலான பிள்ளை, பிறகு சொல்கிறேன்.

16.01.2025, இரவு 8.15

வகுப்பறைப் படத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தை நான் பல பள்ளிக்கூடச் சுவர்களில் கண்டிருக்கிறேன். எட்டுக் கோளையும் ஒரு தாளில் அடக்க வேண்டிய கஷ்டம் விளங்குகிறது. ஆனாலும் கீழே “தூரங்கள் அளவுத்திட்டப்படி அல்ல” என்று ஒரு வரி போட்டிருக்கலாம். அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பிள்ளைகள் பிழையான படத்தை மனதில் வைத்துக்கொண்டு வளர்கிறார்கள்!

எங்கள் இடத்திலேயே அளந்து பார்ப்போம். சூரியனிலிருந்து பூமிக்குள்ள சராசரித் தூரத்தை, அதாவது ஏறக்குறைய 15 கோடி கி.மீற்றரை, ஒரு கிலோமீற்றராகச் சுருக்குங்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் ஒன்பது மீற்றர் அகலமான உருண்டையாகச் சூரியன். ஏ9 வீதியில் தெற்கே நடந்தால் 390 மீற்றரில் புதன், 720 மீற்றரில் வெள்ளி, ஒரு கிலோமீற்றரில் எட்டரை சென்ரிமீற்றர் விட்டத்தில் பூமி, ஒன்றரைக் கிலோமீற்றரில் செவ்வாய். அதோடு நெருக்கம் முடிந்தது. வியாழனைக் காண இரணைமடுச் சந்திப் பக்கம் போக வேண்டும், 5.2 கி.மீ. சனிக்கு முறிகண்டிப் பக்கம், ஒன்பதரைக்குச் சற்று மேல். யூரேனஸ் 19 கி.மீற்றரில், காட்டுக்கு நடுவே. நெப்டியூன் 30 கி.மீற்றரில், மாங்குளத்தையும் தாண்டி.

இந்த அளவுத்திட்டத்தில் ஒளி மணிக்கு ஏழு கி.மீ வேகத்தில்தான் போகும். கொஞ்சம் எட்டி நடக்கிற ஆளின் வேகம். கோயிலடியில் புறப்பட்ட வெளிச்சம் பூமிக்கு வர 8 நிமிடமும் 19 செக்கனும், மாங்குளம் தாண்டிப் போக நாலு மணித்தியாலத்துக்கும் மேல்.

இதிலும் ஒரு பிழையான எண்ணம் வரலாம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோள்கள் எல்லாம் ஏ9இன் ஓரத்தில் தெற்கே நிற்பதில்லை. கோயிலை நடுவில் வைத்து ஒவ்வொன்றும் தன் வட்டத்தைச் சுற்றுகிறது. நெப்டியூனின் வட்டம் மாங்குளத்தையும் புதுக்குடியிருப்புப் பக்கத்தையும் கடலையும் தொட்டுச் சுற்றி வரும். செவ்வாய் எங்கள் பக்கம் நின்றால் பூமியிலிருந்து அரைக் கிலோமீற்றர். கோயிலுக்கு அந்தப் பக்கம் பரந்தன் திசையில் நின்றால் இரண்டரைக் கிலோமீற்றர். கோள்களின் தூர அட்டவணைகளில் இருக்கும் எண்கள் சூரியனிலிருந்து அளந்தவை. அவற்றைக் கழித்து “பூமிக்கும் வெள்ளிக்கும் 4.2 கோடி” என்று எழுதுவது, இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரே கோட்டில் நிற்கும் நாளுக்கு மட்டும்தான் சரி. வெள்ளிக்கு அந்த நாள் 584 நாட்களுக்கு ஒருமுறை வரும்.

18.01.2025, இரவு 7.55

மல்லாவித் தம்பி மேற்கு வானத்தைப் படம் எடுத்துப் போட்டு “வெள்ளியும் சனியும் ஒட்டப் போகின்றன” என்று எழுதியிருக்கிறார். படம் அருமை. இன்று இரண்டுக்கும் இடையில் வானில் இரண்டு பாகைக்குச் சற்று மேல், கையை நீட்டி ஒரு விரலைப் பிடித்தால் ஏறக்குறைய மறைகிற இடைவெளி. ஆனால் வெள்ளி ஏறக்குறைய 9 கோடி கி.மீற்றரில் இருக்க, சனி 150 கோடியைத் தாண்டி நிற்கிறது. ஒரே திசை, அவ்வளவுதான். 2020 டிசம்பர் 21ஆம் திகதி வியாழனும் சனியும் ஒரே புள்ளிபோலத் தெரிந்ததே, அன்றும் அவற்றுக்கிடையில் 70 கோடி கி.மீற்றருக்கு மேல் இருந்தது.

25.01.2025, இரவு 9.30

இன்று காலையிலிருந்து எல்லா வட்ஸ்அப் குழுவிலும் “இன்று ஆறு கோள்கள் நேர்கோட்டில்” என்று ஓடுகிறது. இரண்டு பேர் பயந்து என்னைத் தொலைபேசியில் கேட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. கோள்களின் பாதைகள் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால், எந்த நாளில் பார்த்தாலும் அவை சூரியன் போகும் வழியை ஒட்டியே தெரியும். வரிசை எப்போதும் உண்டு. இந்த மாதம் பலவற்றை ஒரே இரவில் காண முடிகிறது என்பதுதான் விசேஷம். மேலேயிருந்து சூரிய குடும்பத்தைப் பார்த்தால் அவை ஒரே நேர்கோட்டில் நிற்கவில்லை.

காலபோக நெல் முற்றி நிற்கிறது, பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். கொட்டிலில் இருந்தபடி வெள்ளி இறங்குவதும் வியாழன் உச்சிக்கு வருவதும் பார்க்கிறேன். வட்டக்கச்சியில் இப்போது வீதி விளக்குகள் கூடிவிட்டன, ஆனாலும் வயல்வெளிப் பக்கம் இன்னும் இருட்டுத்தான். வன்னியில் இருக்கிறவர்கள் இந்த இருட்டைப் பெரிய செல்வமாக நினைக்க வேண்டும்.

02.02.2025, மாலை 6.40

கோயில் ஐயா ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, பஞ்சாங்கத்தில் செவ்வாய் இப்போது வக்கிரம். அதற்கும் உங்கள் தூரக் கணக்குக்கும் தொடர்பு உண்டா?”

நேரடித் தொடர்பு உண்டு. நான் இந்த இழையில் சொல்ல விரும்பியதில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூமி செவ்வாயைவிட வேகமாகச் சுற்றுகிறது. உள்வட்டத்தில் வந்து செவ்வாயை முந்திப் போகும் கிழமைகளில், செவ்வாய் நட்சத்திரங்களுக்கு நடுவே பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். முந்தும்போதுதான் இரண்டும் மிகக் கிட்ட. ஆகவே செவ்வாய், வியாழன், சனி மூன்றுக்கும் வக்கிர காலத்தின் நடுப்பகுதி என்றால் கிட்டிய காலம். அஸ்தமனம் என்று பஞ்சாங்கம் சொல்லும்போது அவை சூரியனுக்கு அப்பால், மிகத் தூரத்தில். இம்முறை டிசம்பர் தொடக்கத்தில் செவ்வாய் வக்கிரத்தில் புகுந்தது, பெப்ரவரி 24 வரை. இப்போது புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தினமும் பார்த்துக் குறித்து வைத்தால் அது நகர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

வெள்ளிக்கும் புதனுக்கும் மட்டும் கவனம். அவை சூரியனோடு சேர்வது இரண்டு விதமாக நடக்கும். வக்கிரத்தில் சேர்ந்தால் எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில், மிகக் கிட்ட. நேர்கதியில் சேர்ந்தால் சூரியனுக்குப் பின்னால், மிகத் தூரம்.

பஞ்சாங்கம் கணிப்பது திசையை, தூரத்தை அல்ல. அந்தத் திசைக் கணக்கை எங்கள் ஆட்கள் எவ்வளவு ஆழமாகப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு செய்தி. 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். பென்சிலும் தாளும் இல்லாமல்.

03.02.2025, இரவு 10.20

செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது ஜனவரி 16. மிகக் கிட்ட வந்தது ஜனவரி 12, அதாவது 9.6 கோடி கி.மீ. இரண்டும் ஏன் ஒரே நாளில் இல்லை என்று கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்.

பாதை வட்டமில்லை, நீள்வட்டம். பூமியின் பாதை ஏறக்குறைய வட்டம்தான்: ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து 14.7 கோடி, ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. (ஜனவரியில்தான் சூரியன் எங்களுக்குக் கிட்ட இருக்கிறது, சித்திரை வெயிலுக்கும் இந்தத் தூரத்துக்கும் சம்பந்தமில்லை.) செவ்வாயின் பாதை நன்றாக இழுபட்டது. கிட்டினால் 20.7 கோடி, விலகினால் 24.9 கோடி. இம்முறை பூமி அதைக் கடந்தபோது செவ்வாய் சூரியனை விட்டு விலகிக்கொண்டிருந்தது. அதனால் நேர் எதிராக வருவதற்குச் சில நாள் முன்னரே மிகக் கிட்டிய தூரம் வந்து போய்விட்டது.

இந்த இழுவையால்தான் செவ்வாய் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்குக் கிட்ட வருவதில்லை. 2003 ஓகஸ்ட் 27: 5.58 கோடி. 2018 ஜூலை 31: 5.76 கோடி. 2020 ஒக்டோபர் 6: 6.2 கோடி. 2022 டிசம்பர் 1: 8.1 கோடி. இந்த வருடம் 9.6. இரண்டு வருடமும் இரண்டு மாதமும் சேர்ந்த இடைவெளியில் வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு தூரம்.

2003ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறக்குறைய அறுபதாயிரம் வருடத்தில் செவ்வாய் அவ்வளவு கிட்ட வந்ததில்லை. சமாதான காலம் அது. ஏ9 திறந்திருந்தது, எங்கள் ஊருக்கு மின்சாரம் இல்லை. இரவில் குளக்கட்டில் பாய் போட்டுப் படுத்திருப்போம். தென்கிழக்கே தணல்போல ஒரு வெளிச்சம் எழும்பி வந்தது, குளத்துத் தண்ணீரில் அதன் நிழல் நீளமாக விழுந்தது. பெரியவர்கள் அது என்னவென்று தங்களுக்குள் மெதுவாகக் கதைத்தார்கள். மேலே வெளிச்சம் தெரிந்தால் வேறு எதையோ எதிர்பார்த்துப் பழகிய ஆட்கள் அவர்கள். அது செவ்வாய் என்று பத்திரிகையில் வாசித்துச் சொன்னது எங்கள் அம்மா. அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

அதே 2003இல் பிறந்த பொய்தான் இன்றும் ஒவ்வொரு ஓகஸ்டிலும் வருகிறது: “செவ்வாய் நிலவளவு தெரியும்”. 75 மடங்கு பெருப்பிக்கும் தொலைகாட்டியில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு நிலவு தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்பதுதான் முதலில் எழுதப்பட்டது. தொலைகாட்டியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பிவிட்டார்கள்.

16.02.2025, இரவு 8.00

அரிவு வெட்டு நடக்கிறது, நேரமில்லை. ஒன்று மட்டும். வெள்ளி இந்த நாட்களில் உச்சப் பிரகாசத்தில் நிற்கிறது. பைனாகுலர் உள்ளவர்கள் இருட்ட முதல், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது பாருங்கள். பிறை தெரியும்.

கிட்ட வர வர வெள்ளி பெரிதாகிறது, ஆனால் ஒளிப்பக்கம் எங்களை விட்டுத் திரும்புவதால் பிறை மெலிகிறது. பெருக்கமும் மெலிவும் ஒன்றையொன்று இழுப்பதில், மிகக் கிட்டுவதற்கு ஐந்து கிழமை முன்னர் உச்சப் பிரகாசம் வருகிறது. சிக்கலான பிள்ளை என்று முன்பு சொன்னது இதைத்தான்.

24.02.2025

செவ்வாய் வக்கிரம் முடிந்தது. இனித் தூரம் கூடிக்கொண்டே போகும், மங்கிக்கொண்டே போகும்.

09.03.2025, இரவு 9.45

புதனை விட்டுவிட்டேன் என்று பலரும் கேட்கிறார்கள். சரி, யூரியூப்காரர் சொன்னதற்கு வருவோம்.

2019 மார்ச்சில் ‘பிசிக்ஸ் டுடே’ சஞ்சிகையில் மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நாளின் தூரம் வேண்டாம், எல்லா நாட்களின் தூரத்தையும் சேர்த்துச் சராசரி எடுங்கள் என்றார்கள். பூமியிலிருந்து புதனுக்கு 15.5 கோடி, வெள்ளிக்கு 17 கோடி, செவ்வாய்க்கு 25 கோடிக்கு மேல். புதன் வென்றுவிட்டது.

காரணம் எளிது. வெள்ளி எங்கள் பக்கம் வந்தால் நாலு கோடிக்குக் கிட்டும், ஆனால் அந்தப் பக்கம் போனால் 26 கோடி. செவ்வாய் அப்பால் போனால் 40 கோடி வரை. புதன் சூரியனை விட்டு எங்கும் போவதில்லை. மிகக் கிட்ட வந்தாலும் 7.7 கோடிதான், மிக விலகினாலும் 22 கோடிதான். தூரப் போகாதவன் சராசரியில் கிட்ட நிற்கிறான். இதைவிட ஆச்சரியம், எல்லாக் கோள்களுக்கும் இதே பதில் வருகிறது. நெப்டியூனுக்கும் சராசரியில் கிட்டியது புதன்தான்! பக்கத்து வட்டத்தில் இருக்கும் யூரேனஸ் 1993ஐ ஒட்டி நெப்டியூனோடு ஒரே பக்கம் நின்றது. எதிர்ப்பக்கம் போகும்போது இரண்டுக்கும் இடையில் 700 கோடி கி.மீற்றருக்கு மேல் வந்துவிடும்.

யூரியூப்காரர் பிழை சொல்லவில்லை. ஆனால் “வெள்ளி என்பது பொய்” என்று அவர் தலைப்புப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற எந்தக் கோளும் வெள்ளி அளவுக்குப் பூமியை நெருங்குவதில்லை, அது என்றைக்கும் உண்மை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது “மிகக் கிட்ட வருவது வெள்ளி, சராசரியாகக் கிட்ட இருப்பது புதன்” என்று இரண்டையும் சொன்னால் ஒரு குழப்பமும் இல்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு என்ன நிலை என்று கணக்குப் பார்த்தேன். 2026 ஜனவரி 6 வெள்ளி சூரியனுக்குப் பின்னால், ஜனவரி 9 செவ்வாயும் சூரியனுக்குப் பின்னால், புதனும் அந்தப் பக்கம்தான். வெள்ளி 25 கோடிக்கு மேல், செவ்வாய் ஏறக்குறைய 36 கோடி, புதன் 21 கோடியை ஒட்டி. அந்தப் பொங்கலுக்கு மிகக் கிட்டிய கோள் புதன், அதுவும் மறுபக்கத்தில் நின்றபடியே.

23.03.2025, காலை 11.00

இன்று வெள்ளி எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் வருகிறது, 4.2 கோடி கி.மீ. ஒட்டுசுட்டான் தங்கச்சி பரீட்சையில் எழுதும் பதிலுக்குரிய நாள் இதுதான். சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, தயவுசெய்து பைனாகுலரைக் கொண்டு தேட வேண்டாம், கண் போய்விடும்.

இன்று வெள்ளி சூரியனுக்குச் சற்று வடக்கே விலகிப் போகிறது. நேராகக் கடக்கும் நாட்கள் மிக அரிது. 2012 ஜூன் 6 காலை அப்படிக் கடந்தது. மீள்குடியேறி வந்து கூரைத்தகரத்துக்குக் கீழே இருந்த காலம். வெல்டிங் கடையில் 14ஆம் இலக்கக் கண்ணாடி இரவல் வாங்கிக்கொண்டு முல்லைத்தீவுக் கடற்கரைக்கு விடியப்புறமே போய்விட்டேன். சூரியன் கடலிலிருந்து எழும்பும்போதே அதன்மேல் கறுப்புப் பொட்டு இருந்தது, சூரியனின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களும் வந்து மாறி மாறிப் பார்த்தார்கள். பத்தேகால் மட்டும் நின்றேன். அடுத்தது 2117இல்.

இந்தக் கடப்பை வைத்துத்தான் கோள்களின் தூரத்தையே பிடித்தார்கள். கெப்லரின் விதி விகிதத்தைத் தந்தது: எந்தக் கோள் எத்தனை மடங்கு தூரம் என்று. கிலோமீற்றரில் ஒரே ஒரு தூரம் கிடைத்தால் போதும், மிச்சமெல்லாம் வந்துவிடும். அந்த ஒன்றுக்காக 1761இலும் 1769இலும் உலகமெல்லாம் ஆட்கள் போனார்கள். பிரான்சிலிருந்து லெ ஜென்தி என்பவர் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள், கடப்பு நாளில் அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார், அளக்க முடியவில்லை. எட்டு வருடம் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயார், கடக்கும் நேரத்தில் முகில் மூடிவிட்டது. ஊருக்குத் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு செய்து அவருடைய பதவியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைக்கும்.

பிறகு 1961இல் வெள்ளிக்கு ரேடார் அலை அனுப்பி எதிரொலியை வாங்கினார்கள், கணக்கு மிகத் துல்லியமானது. 2012இல் வானியல் அலகை, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தைக் குறிக்கும் அளவை, 149,597,870,700 மீற்றர் என்று நிலையாக வைத்துவிட்டார்கள்.

27.04.2025, அதிகாலை 5.05

வெள்ளி விடிவெள்ளியாகக் கிழக்கே வந்து நல்ல பிரகாசமாக நிற்கிறது. மீண்டும் பிறைதான், இம்முறை தடித்துக்கொண்டு போகும் பிறை, பருமன் குறைந்துகொண்டு போகும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு கேள்வி: “செவ்வாய் மிகக் கிட்ட வரும் நாளில்தானே விண்கலம் அனுப்புவார்கள்?” இல்லை, அதற்கு முன்னரே அனுப்பிவிடுவார்கள். கலம் நேராகப் போவதில்லை. சூரியனைச் சுற்றும் ஒரு நீண்ட வளைவில் ஏறிப் போகிறது, செவ்வாய் எங்கே வரப்போகிறதோ அங்கே போய்ச் சந்திக்க வேண்டும். நாசாவின் பெர்சிவரன்ஸ் 2020 ஜூலை 30 புறப்பட்டு 2021 பெப்ரவரி 18 இறங்கியது. அந்தத் தடவை செவ்வாய் கிட்டிய தூரம் 6.2 கோடி, ஆனால் கலம் ஓடிய தூரம் ஏறக்குறைய 47 கோடி கி.மீ. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துச் சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த இந்தியாவின் மங்கள்யானும் அப்படித்தான், 2013 நவம்பர் 5 புறப்பட்டது, 2014 செப்டெம்பர் 24 செவ்வாயை அடைந்தது. இடையில் ஏப்ரலில் செவ்வாய் மிகக் கிட்ட வந்து போனபோது கலம் இன்னும் வழியில்தான் இருந்தது.

அடுத்த வாய்ப்பு 2026 கடைசியில். செவ்வாய் கிட்டுவது 2027 பெப்ரவரி 20ஐ ஒட்டி, அப்போதும் 10 கோடி கி.மீற்றருக்குக் குறையாது. நல்ல கிட்டிய தூரம் வேண்டுமென்றால் 2035 செப்டெம்பர்: 5.7 கோடி.